சித்தூர், திருப்பதித் தமிழரின் ஓட்டு எங்கே போகிறது?

திருப்பதி சட்டசபைத் தொகுதியில் 2019-ம் ஆண்டு ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வேட்பாளர் பூமன கருணாகர ரெட்டி வெற்றி பெற்றது 708 ஓட்டு வித்தியாசத்தில். தோற்றவர் தெலுங்கு தேசம் கட்சியின் சுகுணம்மா. அவ்வளவு பெரிய ஊரில் 708 ஓட்டு என்பது ஒரு பெரிய தெருவின் ஓட்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் நாலைந்து வரிசை வீடுகளும், அவற்றை ஒட்டிப் பிழைக்கும் டீக்கடைக்காரர், சலவைக்காரர், பூக்காரர் குடும்பங்களும் சேர்ந்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும்.

அப்படிப்பட்ட ஒரு தெருவில் குடியிருக்கும் தமிழர்களைக் கேட்டால், "ஓட்டு ஊர்லதான் சார் இருக்கு" என்று பதில் சொல்பவர்கள் பலர். அந்த ஊர் ஆற்காடாக இருக்கும், சோளிங்கராக இருக்கும், திருவண்ணாமலையாகவோ விழுப்புரமாகவோ இருக்கும். சம்பளம் வாங்குவது இங்கே. பிள்ளை படிப்பது இங்கே. குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதும் இங்கேதான். ஓட்டு மட்டும் அரக்கோணம் வண்டி ஏறிப் போகிறது.

2024-ல் தமிழ்நாட்டில் பார்லிமெண்ட் தேர்தல் ஏப்ரல் 19-ந் தேதி. ஆந்திரத்தில் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் சேர்த்து மே 13-ந் தேதி. அந்த ஏப்ரல் 18-ந் தேதி மாலை அரக்கோணம் போகும் வண்டியில் இப்படிப்பட்ட பேச்சு எந்தப் பெட்டியிலும் கேட்டிருக்கும்.

"எங்கே அண்ணே, ஊருக்கா?"

"ஆமாம்ப்பா. நாளைக்கு ஓட்டு."

"இங்கே அடுத்த மாசம் வருதே?"

"இங்கே யார் வந்தா நமக்கென்னப்பா? நாம பொழைக்க வந்தவங்க."

பிழைக்க வந்து இருபத்திரண்டு வருஷமாகிவிட்ட ஒருவர் பேசும் பேச்சு இது. அவருடைய மூத்த பெண் பிறந்தது திருப்பதி அரசு ஆஸ்பத்திரியில். அந்தப் பெண் தெலுங்கில் கனவு காண்கிறாள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கோடு நகர்ந்த கதை

சித்தூர் பக்கத்துத் தமிழர் எல்லோரும் பிழைக்க வந்தவர்கள் என்று எண்ணுவது தவறு. 1911-ல் வடஆற்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்நின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்குப் போயிற்று. மார்ச் 31-ந் தேதி இரவு சென்னை மாநிலத்தில் படுத்த சத்தியவேட்டுக்காரர் மறுநாள் காலை ஆந்திரத்தில் எழுந்தார். அவர் எங்கும் பிழைக்கப் போகவில்லை. கோடுதான் அவர் வீட்டைத் தாண்டிப் போனது.

ஆக, இங்கே மூன்று விதத் தமிழர்கள் இருக்கிறார்கள். சத்தியவேடு, நகரி, சித்தூர், குப்பம் என்று எல்லை நெடுகத் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் முதல் வகை. ரயில்வே, தேவஸ்தானம், பல்கலைக்கழகம், பாங்கு, கோர்ட்டு என்று உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்டவர்கள் இரண்டாம் வகை. ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகள், மாம்பழக்கூழ் ஆலைகள், கட்டட வேலை என்று வந்து போகிறவர்கள் மூன்றாம் வகை. முதல் வகையாருக்கு ஓட்டு இங்கே நிச்சயமாக இருக்கிறது. மூன்றாம் வகையாருக்கு வீடு வாசல் ஊரில் இருப்பதால் ஓட்டும் அங்கே இருப்பது நியாயம். நடுவில் இருக்கிற உத்தியோகக்காரர்தான் இரண்டும் கெட்டான்.

பதினான்கு தொகுதிகள் சொல்லும் சேதி

முதல் வகையாரின் ஓட்டு எந்தப் பக்கம் சாய்கிறது? "தமிழன் தமிழனுக்குப் போடுவான்" என்று டீக்கடையில் சொல்பவர்கள் உண்டு. தேர்தல் முடிவுகள் அப்படிச் சொல்லவில்லை.

ஒன்றுபட்ட சித்தூர் மாவட்டத்தில் 14 சட்டசபைத் தொகுதிகள். 2014-ல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு 8, தெலுங்கு தேசத்துக்கு 6. 2019-ல் குப்பம் ஒன்றைத் தவிர மீதி 13-ம் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு. 2024-ல் புங்கனூர், தம்பள்ளப்பள்ளி இரண்டும் போக மீதி 12-ம் தெலுங்கு தேசம் கூட்டணிக்கு. தராசு இப்படி அங்குமிங்கும் சாயும்போது எல்லையோரத் தமிழ்த் தொகுதிகள் தனி வழியில் நிற்கவில்லை. குப்பத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கடப்பையும் நெல்லூரும் 2019-லும் 2024-லும் சாய்ந்த பக்கமே நகரியும் சத்தியவேடும் சாய்ந்தன.

பழைய காலத்திலும் இப்படித்தான். சித்தூர் பார்லிமெண்ட் தொகுதி 1957-லும் 1962-லும் காங்கிரசின் அனந்தசயனம் அய்யங்காரைத் தேர்ந்தெடுத்தது. லோக்சபையின் சபாநாயகராக இருந்தவர் அவர். அவர் பீகார் கவர்னராகப் போனபின் வந்த இடைத்தேர்தலில் அதே தொகுதி சுதந்திரக் கட்சியின் என்.ஜி. ரங்காவை அனுப்பியது. 1977-ல் வடநாடெங்கும் ஜனதா அலை அடித்தபோது ஆந்திரத்தின் 42 இடங்களில் 41 காங்கிரசுக்கு வந்தன. சித்தூரும் அதில் ஒன்று. 1983-ல் என்.டி. ராமராவ் கட்சி தொடங்கிய ஒன்பதே மாதத்தில் ஆட்சியைப் பிடித்தார். அப்போது அவர் போட்டியிட்டு வென்ற இரண்டு தொகுதிகளில் ஒன்று திருப்பதி, மற்றொன்று குடிவாடா.

கோலார் தங்கவயலைப் பாருங்கள் என்பார்கள். அங்கே தமிழர்கள் குடியரசுக் கட்சிக்காரரையும் அ.தி.மு.க.காரரையும் கர்நாடகச் சட்டசபைக்கு அனுப்பியது உண்மை. அது சுரங்கத் தொழிலாளிகள் ஒரே இடத்தில், ஒரே சங்கின் ஓசைக்கு வேலைக்குப் போன ஊர். சித்தூர்த் தமிழர் அப்படியில்லை. சத்தியவேட்டிலிருந்து குப்பம் வரை ஒரு நீளத் துணியின் கரை போலப் பரவிக் கிடக்கிறார்கள். போதாக்குறைக்கு, வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுகிற நாயுடுவும், வீட்டில் தமிழும் ஆபீசில் தெலுங்கும் பேசுகிற முதலியாரும் பக்கத்துப் பக்கத்து வீடு. யார் தமிழன் என்று கணக்கெடுக்கப் போனால் கணக்கெடுப்பவர்தான் குழம்புவார்.

நகரியின் தறியும் சினிமாவும்

இந்தக் கரையில் மிகவும் சுவையான தொகுதி நகரி. அரக்கோணத்திலிருந்து வண்டி பொன்பாடி தாண்டி, பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் நகர்ந்துவிடும் வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டையைக் கடந்தால் நகரி, அதையடுத்து ஏகாம்பரகுப்பம். அங்கிறங்கினால் பேச்சு தமிழ், பலகை தெலுங்கு, சத்தம் தறிச் சத்தம்.

நகரியில் ரோஜா 2014-ல் 858 ஓட்டு வித்தியாசத்திலும், 2019-ல் 2,708 ஓட்டு வித்தியாசத்திலும் வென்றார். 2024-ல் தெலுங்கு தேசத்தின் காலி பானுபிரகாஷிடம் ஏறக்குறைய 45,000 ஓட்டில் தோற்றார். ரோஜா தமிழ்ப் படங்களில் பேர் வாங்கிய நடிகை. அவருடைய கணவர் ஆர்.கே. செல்வமணி தமிழ்ப்பட இயக்குநர். 'செம்பருத்தி'யில் பார்த்த முகம் வாசலில் வந்து நின்று தமிழில் பேசினால் கூட்டம் கூடத்தான் செய்யும். ஆனால் முகம் ஒன்றே ஓட்டு வாங்கித் தந்துவிடும் என்றால், 2004-ல் இதே நகரியில் தெலுங்கு தேசம் சார்பில் நின்றபோது அவர் தோற்றிருக்க வேண்டியதில்லை. 2009-ல் சந்திரகிரியிலும் தோற்றிருக்க வேண்டியதில்லை.

திருப்பதியிலும் இதே பாடம்தான். 2009-ல் சிரஞ்சீவி பாலக்கொல்லு, திருப்பதி இரண்டிலும் நின்றார். சொந்த மாவட்டத்துப் பாலக்கொல்லு கைவிட்டது, திருப்பதி கைகொடுத்தது. இரண்டு வருஷத்தில் அவர் தம் கட்சியைக் காங்கிரசில் கரைத்துவிட்டு, பிறகு ராஜ்யசபைக்குப் போனார். 2012-ல் திருப்பதி மறுபடி ஓட்டுச்சாவடிக்குப் போக வேண்டி வந்தது. ராமராவுக்கு 1983-ல் விழுந்த தமிழ் ஓட்டுகளில் கொஞ்சம், 1964-ல் வந்த 'கர்ணன்' படத்துக் கிருஷ்ணனுக்கு விழுந்தவையாகவும் இருக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் எம்.ஜி.ஆர். முதல் மந்திரியாக இருந்த நேரம் அது. ஒரு நடிகர் ஆளலாம் என்பதில் தமிழருக்குச் சந்தேகம் இல்லை. அந்த 1983-லேயே இரண்டு முதல் மந்திரிகளும் சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீர் தர ஒப்பந்தம் செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்குப் போகிற அந்தக் கால்வாய்தான் 1996-ல் சென்னைக்குத் தண்ணீர் கொண்டு சேர்த்தது. வெறும் சினிமாக் கவர்ச்சி என்று ஒதுக்க முடியாத காரியம் அது.

நகரித் தறிக்காரர் எதை நினைத்துப் பொத்தானை அமுக்குகிறார்? அவர் கவலை நூல் விலையும் மின்சாரக் கட்டணமும். எல்லைக்கு அந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும் அதே தறி, அதே நூல், பல வீடுகளில் அதே உறவுமுறை. தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-ல் 1,000 யூனிட்டாக உயர்த்தினார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டு வருகிற நகரிக்காரர் இந்தக் கணக்கையும் மூட்டையோடு கொண்டு வருகிறார். ஆந்திரத்தில் 2019-ல் வந்த 'நேதன்ன நேஸ்தம்' திட்டத்தில் வருஷத்துக்கு 24,000 ரூபாய் கிடைத்தது கைத்தறிக் குடும்பத்துக்கு. விசைத்தறிக்காரர் அந்தக் கணக்கில் வரவில்லை. 858-ல் வென்ற தொகுதியில் இப்படிப்பட்ட ஒரு குறை என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குப்பம் யாருக்கும் பட்டா இல்லை

குப்பத்தில் சந்திரபாபு நாயுடு 1989-லிருந்து 2024 வரை நின்ற எட்டுத் தேர்தலிலும் வென்றிருக்கிறார். சந்திரகிரிப் பக்கம் நாராவாரிப்பள்ளியில் பிறந்து, 1978-ல் சந்திரகிரியில் காங்கிரஸ்காரராக வென்று, 1983-ல் அங்கேயே தோற்றவர் அவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் மூன்று மாநிலச் சந்திப்பான குப்பத்துக்கு அப்புறம் வந்தார். பட்டா எழுதிக் கொடுத்த நிலம் போலத் தெரிகிறது. ஆனால் 2014-ல் ஏறக்குறைய 47,000 ஆக இருந்த வித்தியாசம் 2019-ல் 30,000 சுமாருக்கு இறங்கிற்று. 2021 நவம்பரில் குப்பம் நகராட்சிக்கு நடந்த தேர்தலில் 25 வார்டுகளில் 19 ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்குப் போயின. 2024-ல் வித்தியாசம் மறுபடி 48,000-ஐத் தொட்டது. வன்னியகுல க்ஷத்திரியர் ஓட்டு இங்கே கணிசம் என்பதால் 2014, 2019, 2024 மூன்று தேர்தலிலும் எதிர்க்கட்சி அந்தச் சமூகத்தவரையே நிறுத்திப் பார்த்தது. வார்டுக்கு ஒரு கணக்கு, சட்டசபைக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் போடத் தெரிந்த ஜனங்கள் இவர்கள்.

இவர்களில் பலர் விடியற்காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்கள். உத்தியோகம் அடுத்த மாநிலத்தில், ஓட்டு படுக்கிற ஊரில். சட்டம் சொல்வதும் இதையேதான்.

பிரித்துப் போடுவதில் 2024-ல் திருப்பதிக்காரர்கள் குப்பத்தையும் மிஞ்சிவிட்டார்கள். திருப்பதி பார்லிமெண்ட் தொகுதிக்குள் ஏழு சட்டசபைத் தொகுதிகள். ஏழிலும் தெலுங்கு தேசம் கூட்டணி வென்றது. பார்லிமெண்டுக்கு மட்டும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் குருமூர்த்தி வென்றார். அங்கே கூட்டணியில் நின்றவர் பாரதிய ஜனதா வேட்பாளர். ஒரே நாள், ஒரே அறை, இரண்டு மெஷின். ஒன்றில் ஒரு சின்னம், அடுத்ததில் வேறொன்று. படிக்காத ஜனங்கள் சின்னத்தைக் குழப்பிக்கொள்வார்கள் என்று பேசுகிறவர்கள் இந்த முடிவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

வேட்பாளர்கள் குழப்புவதுதான் பெரிது. சித்தூரில் 2019-ல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் சார்பில் வென்ற ஆரணி ஸ்ரீநிவாசுலு, 2024-ல் ஜனசேனா சார்பில் திருப்பதியில் வென்றார். சத்தியவேட்டில் 2019-ல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசில் வென்ற கோனேட்டி ஆதிமூலம், 2024-ல் தெலுங்கு தேசத்தில் நின்று அதே சத்தியவேட்டில் வென்றார். மாப்பிள்ளை அவர்தான், சட்டை மட்டும் வேறே என்று ஜனங்கள் சிரித்துக்கொண்டே ஓட்டுப் போட்டார்கள்.

கேட்காத பிள்ளை

தமிழர்கள் மற்றவர்களைப் போலவே சாதி, சலுகை, ஆள், அலை எல்லாம் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாயின் கணக்கில் வருஷத்துக்கு 15,000 ரூபாய் என்று முன்பு இருந்த 'அம்ம ஒடி' திட்டமும், 2024 ஜூலையில் 4,000 ரூபாயாக உயர்ந்த முதியோர் பென்ஷனும் தெலுங்கருக்கும் தமிழருக்கும் ஒரே ரூபாய்தான். குறை வேறிடத்தில் இருக்கிறது. தமிழருக்கென்று தனியாக உள்ள இரண்டு மூன்று காரியங்களை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் யாரும் கேட்பதில்லை.

பள்ளிக்கூடம் ஒன்று. தாய்மொழியில் ஆரம்பக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு மாநிலங்களுக்குச் சொல்கிறது. அது 1956-ல் சேர்க்கப்பட்ட பிரிவு. எல்லையோரத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் இடம் காலியாகக் கிடக்கிறது, புத்தகம் பாதி வருஷம் போனபின் வருகிறது என்ற புகார்கள் பழையவை. 2019 நவம்பரில் ஆந்திர சர்க்கார் அரசுப் பள்ளிகளை ஆங்கில மீடியத்துக்கு மாற்ற உத்தரவு போட்டது. 2020 ஏப்ரலில் ஐகோர்ட் அதை ரத்து செய்தது. அந்த ஆறு மாதமும் ஊரெல்லாம் தெலுங்கு என்னாகும் என்ற விவாதம்தான். தமிழ் என்னாகும் என்று கேட்க வேண்டியவர்கள் தமிழர்களே. குப்பத்தில் 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் வந்தது. தென்மொழிகளில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கலாம். எதிர்த் தெருப் பிள்ளைக்கு 'அ, ஆ' சொல்லித் தர ஆள் தேட வேண்டியிருக்கிறது.

சாதிச் சான்றிதழ் இன்னொன்று. தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்ட வகுப்பில் உள்ள ஒருவர் ஆந்திரத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை கூட வராது என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. உத்தியோகக் குடும்பத்துப் பிள்ளைகள் காலேஜில் சேரும்போதுதான் இதன் எரிச்சல் தெரியும். இது ஒரு எம்.எல்.ஏ. மாற்றிவிடக் கூடிய விஷயம் இல்லை. ஆனால் கோடு நகர்ந்ததால் ஆந்திரர் ஆனவருக்கும், நேற்று வண்டியில் வந்தவருக்கும் தாசில்தார் ஆபீசில் ஒரே அலைச்சல் என்றால், அதைக் கேட்க எம்.எல்.ஏ. வேண்டும்.

இதையெல்லாம் யார் கேட்பது? எல்லையோரத்துத் தமிழருக்கு ஓட்டு இருக்கிறது. மனு எழுதவும், உத்தரவு நகலைப் படிக்கவும், ஆபீஸ் ஆபீசாக ஏறவும் பழக்கம் குறைவு. உத்தியோகத் தமிழருக்கு அந்தப் பழக்கம் தாராளமாக இருக்கிறது, ஓட்டு இல்லை. அவர் காலையில் சென்னைத் தமிழ் டெலிவிஷன் பார்க்கிறார். தி.மு.க., அ.தி.மு.க. கூட்டணிக் கணக்கெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறார். தம் வார்டு கவுன்சிலர் பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டு ரெட்டியைப் பார்க்கிறார். ஓட்டு இல்லாதவன் பேச்சை வார்டு மெம்பர்கூடக் காது கொடுத்துக் கேட்கமாட்டான் என்பது அவருக்குத் தெரியாதது இல்லை.

பட்டியலில் பேர்

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் பேர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். அவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அந்தத் தொகுதியில். சொந்த ஊரில் வீடு இருக்கிறது என்பது மட்டும் வசிப்பதாகாது என்று 20-வது பிரிவு சொல்கிறது. இரண்டு பட்டியலிலும் பேரை வைத்துக்கொண்டு, ஏப்ரலில் ஒரு தேதிக்கு அங்கேயும் மே மாதத்தில் ஒரு தேதிக்கு இங்கேயும் மை வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பவர்களும் உண்டு. பொய்யான உறுதிமொழி கொடுத்துப் பேர் சேர்ப்பது ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர் அந்த வழிக்கே போகக் கூடாது.

2025 கடைசியில் தமிழ்நாட்டில் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தியபோது, குடிபெயர்ந்தவர்கள் என்று லட்சக்கணக்கான பேர்கள் வரைவுப் பட்டியலில் இல்லாமற் போயின. வீடு வீடாகப் படிவம் கொண்டு போனவர்களுக்கு ஊரிலிருந்த வயதான தாயார், "பிள்ளை திருப்பதியில இருக்கான்" என்று உள்ளதைச் சொன்னார்கள். இருபது வருஷமாக ஊரிலும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நடுவில் தொங்கியவர்கள், ஒரு நாள் காலையில் இரண்டு பக்கமும் இல்லாதவர்களானார்கள்.

இந்த ஊருக்குக் குடியிருப்பை மாற்றிக்கொள்ள 8-ம் எண் படிவம். புதிதாகப் பேர் சேர்க்க 6-ம் எண் படிவம். 2022-லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருஷத்தில் நான்கு தகுதித் தேதிகள். செல்போனிலேயே அனுப்பலாம். வாக்குச்சாவடி அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்துப் போவார். தெலுங்கு எழுத வராது என்பது சாக்கு. குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக்கும் காஸ் கனெக்ஷனுக்கும் வராத தெலுங்கா இதற்கு வரப்போகிறது?

அரக்கோணம் வண்டியில் "நமக்கென்னப்பா" என்ற அந்த அண்ணாச்சியின் வீட்டில் நடந்ததைத் தெருவில் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். மே மாதத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ஓட்டுச் சீட்டு கொடுக்க ஒரு கட்சிப் பையன் வந்தான். வீட்டம்மாளுக்கு ஒன்று, மூத்த பெண்ணுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தான். இவர்கள் இருவரும் இரண்டு வருஷம் முன்பே யாருக்கும் சொல்லாமல் படிவம் கொடுத்துப் பேர் சேர்த்துக்கொண்டவர்கள். வாசலில் பனியனோடு நின்ற அண்ணாச்சியைப் பார்த்து அவன், "மீதி லேதா அண்ணா?" என்றான். உங்களுடையது இல்லையா என்று தெலுங்கில் கேட்டான். இருபத்திரண்டு வருஷம் இங்கே இருந்தும் அவர் காதில் அது தமிழாகவே விழுந்தது. "மீதி எல்லாம் ஊர்ல இருக்குப்பா" என்றார். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனான். அம்மாள் இரண்டு சீட்டையும் வாங்கிக் காலண்டர் ஆணியில் செருகிவிட்டு, தெருக்கோடிச் சாக்கடையை எப்போது மூடுவீர்கள் என்று கேட்க அவன் பின்னாலேயே வாசலுக்குப் போனாள்.